மன்னார் வளைகுடாத் தீவுகள்: பார்க்கப் போகிறவர் கடமை

சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்களுக்குக் கடல் என்றால் ராமேசுவரம். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் இரவில் பஸ் ஏறுகிறார்கள். விடிந்ததும் பாம்பனைக் கடந்து, அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, பிதுர்க்கடன் கழித்து, கோயிலைச் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பாம்பன் பாலத்தின்மேல் போகும்போது வலது கைப்புறம், தெற்கே, கடல் மட்டத்தோடு ஒட்டினாற்போல் ஒரு பச்சைக் கோடு தெரியும். அதை நூற்றில் ஒருவராவது கவனித்திருப்பாரா என்பது சந்தேகமே. அந்தப் பச்சைக் கோடுதான் குருசடைத் தீவு. அங்கிருந்து தூத்துக்குடி வரையில் கரையோரமாக வரிசையாக அமைந்த இருபத்தொரு தீவுகளில் அதுவும் ஒன்று.

உலகத்தில் செல்வம் மிகுந்தவர்களிடையே இப்போது ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் பெருங் கப்பல்களை விட்டு, சிலரே ஏறக்கூடிய சிறு கப்பல்களில், மனித வாசமற்ற தீவுகளுக்குச் சென்று, அங்குள்ள பட்சிகளையும் ஆமைகளையும் மீன்களையும் பார்த்து வருவதே அது. பசிபிக் மகா சமுத்திரத்தில் ஈக்குவடார் தேசத்துக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகள் இதற்குப் பெயர் போனவை. அந்த ஆசை நம் நாட்டிலும் பிறந்துவிட்டது. மன்னார் வளைகுடாவில் வனத்துறையாரே படகு விடுகின்றனர். பாம்பனுக்கு அருகே குருசடைத் தீவைப் பார்க்க ஏற்பாடு நடந்திருக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் வரலாம்.

இது நல்லதா, கெட்டதா? நல்லதாக ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்? கடலுக்கு வெகு தூரத்தில் வசிக்கும் நமக்கும் இந்தத் தீவுகளுக்கும் என்ன சம்பந்தம்? இந்த மூன்று கேள்விகளையும் நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் யோசிக்க வேண்டுகிறோம். கடைசிக் கேள்விக்குரிய பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடும்.

தீவுகளின் பெருமை

இத்தீவுகளை மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மண்டபக் கூட்டத்தில் ஏழு, கீழக்கரையில் ஏழு, வேம்பாரில் மூன்று, தூத்துக்குடியில் நான்கு. இவற்றுள் பெரியது முயல் தீவு. ஜனங்கள் நிலையாகக் குடியிருக்கும் தீவு ஒன்றுமில்லை. இவை பெரும்பாலும் பவளப் பூச்சிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கட்டிய சுண்ணாம்புப் பாறையின்மேல் மணல் படிந்து உண்டானவை. சுற்றிலும் உயிருள்ள பவளப் பாறைகள். அவற்றுக்கு அப்பால் கடற்புல் மைதானங்கள். இந்த வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் உள்ளனவென்று தூத்துக்குடியில் ஆராய்ச்சி செய்வோர் கணக்கெடுத்திருக்கின்றனர்.

கடற்புல்லை மேய்ந்து வாழ்வது கடற்பசு. மீனவர் இதை ஆவுளியா என்பர். பசுவைப்போலவே சாதுவான பிராணி, குட்டிக்குப் பாலூட்டுவது, மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தே தீர வேண்டியது. வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை ஆகிய மூவகை ஆமைகளும் இங்கே திரிகின்றன. மாரிக்காலத்தில் மனோலித் தீவிலும் முயல் தீவிலும் வடதேசங்களிலிருந்து வரும் பட்சிகள் திரள் திரளாக இறங்குகின்றன.

சாஸ்திர உலகம் இத்தீவுகளின் அருமையை வெகு நாட்களுக்கு முன்பே அறியும். சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த தர்ஸ்டன் துரை, ராமேசுவரத்தையும் அண்டைத் தீவுகளையும் சார்ந்த கடல் ஜந்துக்களைப் பற்றி 1887-ம் வருஷத்திலேயே அறிக்கை எழுதினார். குருசடைத் தீவின் கரையோர ஜந்துக்களைப் பற்றி அதே பொருட்காட்சிச் சாலை 1927-ல் ஒரு தனி நூலே வெளியிட்டது. முதுகெலும்பில்லாத ஜந்துக்களுக்கும் உள்ளவற்றுக்கும் இடைப்பட்டதாகக் கருதப்படும் பாலனோகிளாசஸ் என்ற புழுவொத்த பிராணி குருசடை மணலில் வாழ்கிறது. மிருக சாஸ்திரம் படிக்கும் மாணாக்கர்கள் அதைக் காணவே இங்கே வந்து போயினர். 1947-ல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி ஸ்தாபனம் 1949-ல் மண்டபத்தில் வந்து அமர்ந்ததும் இந்தக் கடலின் செழிப்பைக் கருதியே. ஸ்தாபனத்தின் தலைமையிடம் 1971-ல் கொச்சிக்குப் பெயர்ந்தது.

நாம் செய்த அழிவு

சாஸ்திரிகள் போற்றிய இடத்தை நாம் எப்படி நடத்தினோம்? பவளப் பாறைகளைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகு படகாக ஏற்றி வந்தோம். வீட்டுக்கு அஸ்திவாரக் கல்லாகவும், சுண்ணாம்புக் காளவாய்க்கு இரையாகவும், ஆலைகளுக்குக் கச்சாப் பொருளாகவும் அது போயிற்று. கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிக் கூட்டத்தில் விலங்குசல்லித் தீவும் நீருக்குள் மறைந்துவிட்டன. இருபத்தொன்று என்று இன்றும் வழக்கமாகச் சொல்கிறோம். தலை நீட்டிக்கொண்டிருப்பவை பத்தொன்பதே. அரண் போல் நின்ற பாறையைப் பெயர்த்தபின், அலை நேரே மணலில் வந்து மோதுமன்றோ? தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் தேய்ந்து தேய்ந்து மறையும் நிலைக்கு வந்தது. அதைக் காப்பாற்றச் சர்க்கார் செயற்கைப் பாறைகளைச் செய்து கடலில் இறக்க வேண்டியதாயிற்று. இயற்கை இலவசமாகக் கட்டிக் கொடுத்ததை இடித்துவிட்டு, பிறகு பொதுஜனப் பணத்தைக் கொண்டு சிமெண்டால் கட்டுகிறோம்.

1986-ல் இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் சேர்ந்து 560 சதுர கிலோ மீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் அதை உள்ளடக்கி, 10,500 சதுர கிலோ மீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஏற்பட்டது. 2001-ல் பவளங்கள் வனஜீவி பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபிறகு, தீவும் பாறையும் கரைக்கு எத்தகைய கவசம் என்பதை ஜனங்களும் உணர்ந்தனர். அதற்குப் பின்னரே பாறை வெட்டும் தொழில் ஒடுங்கிற்று. 2022-ல் பாக் நீரிணையில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளையொட்டி 448 சதுர கிலோ மீட்டர் பரப்பைக் கடற்பசுவுக்கெனத் தமிழ்நாட்டு சர்க்கார் ஒதுக்கியது. இந்தியாவில் அவ்வகைக் காப்பிடம் அதுவே முதல்.

ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. கடல் சூடேறுவதால் 1998, 2010, 2016, 2024 ஆகிய வருஷங்களில் பவளங்கள் வெளுத்தன. வேற்று நாட்டிலிருந்து ஜீவனோபாயத்துக்காகக் கொண்டுவந்து பாக் நீரிணையில் வளர்த்த கடற்பாசி ஒன்று, குருசடைப் பவளங்களின்மேல் படர்ந்து அவற்றை மூடி மூச்சடைப்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். நல்ல நோக்கத்துடன் கொண்டுவந்த பொருளும் முன்யோசனையின்றி விட்டால் நாசத்தில் முடியும் என்பதற்கு இதைவிடத் திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. உல்லாசப் பிரயாணம் என்ற புதுப் பயிரையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஈக்குவடார் கற்பிக்கும் பாடம்

ஈக்குவடார் நம்மைவிட மிகச் சிறிய தேசம், செல்வ தேசமுமன்று. அது என்ன செய்தது? கலாபகஸ் தீவுகளின் நிலப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கை 1959-ல் தேசியப் பூங்காவாக்கிற்று. தீவுகளைச் சுற்றிவரும் கப்பலில் நூறு பிரயாணிகளுக்கு மேல் ஏறலாகாது என்று வரம்பு கட்டிற்று. சர்க்கார் பயிற்சியளித்து அனுமதித்த வழிகாட்டி இல்லாமல் பார்வையிடங்களில் எவரும் கால் வைக்கக்கூடாது. எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் தீவில் நிற்பது என்பதும் முன்னரே நிர்ணயிக்கப்படுகிறது. வெளிநாட்டார் செலுத்தும் நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது.

அங்கேயும் குறைகள் உண்டு. பிரயாணிகள் பெருகப் பெருக, அவர்களுக்குத் தொண்டு செய்ய வரும் குடிகளும், அவர்களுடன் வரும் அந்நியச் செடிகளும் பூச்சிகளும் பெருகின. எனினும் கப்பல் சிறியதாயிருக்க வேண்டுமென்ற விதி நமக்கு ஒரு பாடம். சிறு கப்பல் என்பது சௌகரியத்தைப் பொறுத்த விஷயமென்று நினைப்பது தவறு. ஒரே சமயத்தில் எத்தனை கால்கள் மணலில் பதியலாம், எத்தனை நங்கூரங்கள் கீழே விழலாம் என்ற கணக்கு அது. ஒரு நங்கூரம் இழுபட்டால் ஐம்பது வருஷத்துப் பவளம் ஒரு நிமிஷத்தில் நொறுங்கும். ஆமை முட்டையிட வரும் மணலில் இரவில் ஒரு விளக்கு எரிந்தால் ஆமை திரும்பிப் போய்விடும்.

யாருக்குத் திறந்த கதவு?

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்து மீனவ ஸ்திரீகள் தலைமுறை தலைமுறையாக இத்தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பாசியைக் கையால் பறிப்பது அவர்கள் தொழில். அந்தப் பாசியிலிருந்து எடுக்கும் அகர்ப்பசை மிட்டாய்க்கும் மருந்துக்கும் ஆராய்ச்சிச் சாலைக்கும் போகிறது. பூங்காவின் சட்டம் கண்டிப்பாக அமலாகத் தொடங்கியபின் இவர்கள் தீவை அணுகினால் அபராதம், படகு பறிமுதல். பாறை உடைகிறது, பவளம் மிதிபடுகிறது என்று அதிகாரிகள் கூறும் காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. பாசி எடுப்போரும் அதை உணர்ந்து, இன்னின்ன மாதங்களில் எடுப்பதில்லை, வேரோடு சுரண்டுவதில்லை என்று தாங்களாகவே கட்டுப்பாடு செய்துகொண்டனர். அவர்களுள் ஒருவருக்கு 2015-ல் அமெரிக்க ஸ்தாபனமொன்று விருதளித்துக் கௌரவித்தது.

இப்பொழுது யோசியுங்கள். பிழைப்புக்காகப் போகிறவளுக்கு அடைத்த கடல், பொழுதுபோக்குக்காகப் போகிறவருக்குத் திறக்கிறது. சேலத்திலிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு போகும் கனவான் படகில் உட்கார்ந்து தீவை வேடிக்கை பார்க்கிறார். அந்தத் தீவின் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் சொல்லத் தெரிந்தவள் கரையில் நிற்கிறாள். சட்டத்தின் எழுத்தில் இதற்குச் சமாதானம் இருக்கலாம். கரையில் நிற்பவளின் மனம் அதை ஏற்குமா? அவள் மனம் ஏற்காத பாதுகாப்பு எத்தனை நாள் நிலைக்கும்? இரவும் பகலும் காவல் காக்க வனத்துறைக்கு எத்தனை படகுகள் இருந்தாலும் போதா. கரையோரக் கிராமமே காவலாக நின்றால்தான் தீவு பிழைக்கும்.

இதற்கு வழி இல்லாமலில்லை. காரங்காட்டில் வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து படகு நடத்துகின்றனர். வழிகாட்டுவோரும் சமைத்துப் போடுவோரும் ஊராரே. வருமானம் ஊருக்குள் தங்குகிறது. அந்த முறையை வளைகுடா முழுவதற்கும் விதியாக்க வேண்டும்.

தூத்துக்குடிக் கரை இதே பாடத்தை வேறு விதத்தில் முன்பே கண்டிருக்கிறது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அங்கே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் 1907-ல் வந்து சேர்ந்தன. கொழும்புக்கு நம்மவர் கப்பலில் நம்மவர் போவதைப் பொறாத வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை வெட்டிப் போட்டியிட்டது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை சென்றார். 1911-ல் கம்பெனி கலைந்தது. கடலில் ஓடும் கலம் யாருடையது, அதன் லாபம் யாருக்கு என்று அந்தப் பெரியார் கேட்ட கேள்வி இன்றும் கேட்க வேண்டியதே. அந்நியக் கம்பெனிக்குப் பதில் பட்டணத்து முதலாளியின் கம்பெனி வந்து, கரையோர மீனவன் அதில் கூலியாக நிற்பானாகில், கொடி மாறியதே தவிரக் காரியம் மாறவில்லை என்றே சொல்வோம்.

நமது பங்கு

கடலில்லாத நமக்கு இதில் என்ன பங்கு என்று நாமக்கல் நேயர் கேட்கலாம். பங்கு இருக்கிறது, நேரான பங்கே இருக்கிறது. இழுவை மடிப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு வரும்போது, மனிதர் தின்னும் மீனோடு குஞ்சும் குளுவானும், நண்டுப் பொடியும், விலைபோகாத சிறு மீனும் குவியல் குவியலாக வருகின்றன. ராமேசுவரத்தில் இதற்குச் சங்காயம் என்று பெயர். முன்பு கடலிலேயே கொட்டிவிடுவார்கள். இன்று அது கரையில் காய்கிறது, தூளாகிறது, கோழித் தீவனமாகிறது. அது வந்து சேரும் இடங்களில் முதன்மையானது நமது நாமக்கல். தினந்தோறும் கோடிக்கணக்கில் முட்டையிடும் நமது பண்ணைகளின் தேவை, சங்காயத்துக்கு ஒரு விலையைக் கொடுத்தது. விலை ஏற்பட்டதால், பெரிய மீன் குறைந்த நாளிலும் குஞ்சுகளை வாரிக்கொண்டு வந்தால் டீசல் செலவாவது கட்டும் என்ற நிலை பிறந்தது. நாளை பெருக வேண்டிய மீன் இன்று கோழியின் தொட்டியில் கிடக்கிறது. முட்டை ஓடு கெட்டிப்படக் கோழிக்குப் போடும் கிளிஞ்சலும் கடல் தந்ததே.

இதனால் பண்ணையாளரைக் குற்றவாளியாக்க நாம் விரும்பவில்லை. வானம் பொய்த்த பூமியில் லக்ஷக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சத்துணவு முட்டைக்கும் அதுவே ஆதாரம். தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு பெரும் பங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதும் மெய். ஆயினும் கருவாட்டுத் தூள் முற்றும் ஒழியவில்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சங்ககிரியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. குஞ்சு மீனையும் கிளிஞ்சலையும் தவிர்த்துக் கட்டுப்படியாகும் தீவனம் எது என்று அக்கல்லூரியார் கூறட்டும். பண்ணையாளர் சங்கங்கள் அதைப் பரீட்சித்துப் பார்க்கட்டும். மேட்டு நிலத்தில் இருந்துகொண்டே கடலுக்குச் செய்யக்கூடிய பேருதவி இதுவாகும்.

செய்ய வேண்டியவை

நாம் சொல்ல விரும்புவதைச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது, படகுகள் சிறியவையாயிருக்க வேண்டும். எந்தத் தீவுக்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைச் சாஸ்திரிகளைக் கலந்து நிர்ணயித்து, பொதுஜனங்கள் அறிய வெளியிட வேண்டும். பெரும்பாலான தீவுகளில் கால் வைக்காமல் படகிலிருந்தே பார்ப்பதே முறை. ஆமை முட்டையிடும் காலத்திலும் பட்சிகள் இறங்கும் இடத்திலும் அதுவும் கூடாது. இரண்டாவது, நங்கூரம் போடாமல் கட்டி நிறுத்த மிதவைகள் அமைக்க வேண்டும். மூன்றாவது, படகும் வழிகாட்டும் உரிமையும் கரையோர மீனவரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே போக வேண்டும். பாசி எடுத்த ஸ்திரீகளுக்கு அதில் முதலிடம் வேண்டும். கடலைப் பற்றி அவர்கள் அறிந்ததைப் பாடமாகச் சொல்லும் உபாத்தியாயினிகளாக அவர்கள் இருக்கத்தக்கவர்கள். நான்காவது, சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி தீவின் காவலுக்கும் ஒரு பகுதி கிராமத்துக்கும் என்று பிரித்து, கணக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும். ஐந்தாவது, 1983-ம் வருஷத்துக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குச் சட்டம் சிறு மீனவருக்கென ஒதுக்கிய கரையோரக் கடலில் இழுவைப் படகுகள் புகாமல் மெய்யாகவே தடுக்க வேண்டும். சிறு மனிதனைப் பிடித்துப் பெரிய மடியை விட்டுவிடும் காவல் காவலாகாது.

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்த்தமாடிவிட்டு உடுத்திய துணியைக் கடலில் விடும் வழக்கத்தை விட்டொழியுங்கள். அந்தத் துணி பவளத்தின்மேல் போர்த்திக்கொள்கிறது. பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் வந்த வழியே திரும்பக் கொண்டு போங்கள். சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் விலை கொடுத்து வாங்காதீர்கள். வாங்குவோர் இருக்கும் வரையில் எடுப்போரும் இருப்பர்.

குருசடைக்கு எதிர்க்கரையில் குந்துகால் என்ற இடம் இருக்கிறது. மேல்நாடுகளில் நமது தேசத்தின் பெருமையை நிலைநாட்டித் திரும்பிய விவேகாநந்தர் 1897 ஜனவரி 26-ந் தேதி இந்திய மண்ணில் இறங்கியது பாம்பனின் இந்தக் கரையில்தான். அடுத்த அமாவாசைக்கு ராமேசுவரம் போகும் நமது ஜில்லா வாலிபர்கள் அங்கே ஒரு நாழிகை நின்று தெற்கே பார்க்கட்டும். பிறகு ஊர் திரும்பி, தம் ஊர்க் கோழிப் பண்ணையில் தீவனத் தொட்டியையும் ஒரு முறை பார்க்கட்டும். இரண்டையும் பார்த்தவனுக்குத் தான் செய்ய வேண்டியது இன்னதென்று பிறர் சொல்லத் தேவையிராது.